கிணற்று வாய்க்கு மேலே கேமரா: ஜிப் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, ட்ரோனே போதுமா?

ஒரே ஒரு ஷாட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். கிராமத்து வீடு, கொல்லையில் ஒரு வட்டக் கிணறு. கேமரா கிணற்றுக்குள், கைப்பிடிச் சுவரின் விளிம்புக்கு ஒரு அடி கீழே, தண்ணீரைப் பார்த்தபடி தொடங்குகிறது. வாளி முங்கி, நிறைந்து, மேலே வருகிறது. அதோடு சேர்ந்து கேமராவும் எழும்பி, மெல்ல நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் கயிறு இழுக்கிற பெண்ணின் முகத்தில் போய் நிற்கிறது. பத்து வினாடி. கேமரா ஏறுகிற உயரத்தை டேப் வைத்து அளந்தால் மூன்றரை அடி.

ஒரு குறும்படத்துக்காக இந்த ஷாட்டை எடுக்கப் போனபோது நாங்கள் மூன்று பேர், ஒரு கார். 'கிரேன் இருந்தால் நல்லது' என்று யாரோ சொல்ல, எந்தக் கிரேன் என்ற கேள்வி வந்தது. (சின்னக் கிரேனைத்தான் ஜிப் என்கிறோம்: ஸ்டாண்டின் மேல் ஓர் அச்சில் ஏறி இறங்கும் நீண்ட கை, ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் அதைச் சமன்செய்யும் எடை.) இரண்டு வாரம் அதையே பேசினோம். அந்தப் பேச்சில் தெரிந்துகொண்டதுதான் இங்கே இருப்பது. சினிமா யூனிட்டில் வேலை செய்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. குறும்படம், ஆவணப்படம், கல்யாண வீடியோ, யூடியூப் என்று இரண்டு மூன்று பேராக ஓடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். கிரேன் என்றால் எல்லோருக்கும் உயரம்தான் நினைவுக்கு வரும். கடையில் கேட்டாலும் 'எத்தனை அடி போகும்?' என்றுதான் ஆரம்பிக்கிறோம். ஆனால் இந்தக் கிணற்று ஷாட்டில் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆள் நிற்க முடியாத இடத்தில் கேமரா நிற்க வேண்டும், அதுதான் பிரச்சினை. கிணற்றுக்கு மேலே, நாற்று நட்ட வயலுக்குள்ளே, கோலத்தை மிதிக்காமல் கோலத்துக்கு மேலே, பந்திப் பாயில் சாப்பிடுகிறவர்களின் இலைக்கு மேலே. இப்படி எட்டிப் போவதற்குத்தான் நமக்குப் பெரும்பாலும் கிரேன் தேவைப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

கிரேன் இல்லாமலே முடியுமா?

கேமரா ஆட்டத்தை மோட்டார் வைத்துச் சமன்செய்யும் கிம்பல் கையில் இருக்கிறதே, அதைக் கம்பில் கட்டினால் என்ன? இதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, எங்களுக்கும் வந்தது. பெயின்ட் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் நீட்டுக் கம்பின் முனையில் கிம்பலை மாட்டி நீட்டிப் பார்த்தோம். முதல் டேக் பரவாயில்லை. கேமராவும் கிம்பலும் சேர்ந்து இரண்டரை கிலோதான், ஆனால் ஆறடி தள்ளி நீட்டினால் அந்த இரண்டரை கிலோ தோள்பட்டையைப் பிடுங்கிவிடும். மூன்றாவது டேக்கில் கை நடுங்கியது. ஒரு விஷயத்தை இங்கே பலர் கவனிப்பதில்லை. கிம்பலின் மூன்று மோட்டார்களும் கேமரா திரும்புவதையும் சாய்வதையும்தான் சரிசெய்யும். கேமரா மொத்தமாக மேலும் கீழும் குதிப்பதை அவற்றால் தடுக்க முடியாது. தூரத்துக் காட்சியில் அந்தக் குதிப்பு தெரியாது. வாளியும் கயிறும் இரண்டடி பக்கத்தில் இருக்கும்போது அப்பட்டமாகத் தெரியும்.

கேமரா வழுக்கிப் போகும் குட்டித் தண்டவாளமான ஸ்லைடரை நிமிர்த்தி வைத்தால் இரண்டு மூன்று அடி ஏற்றம் கிடைக்கும். தரையில் இருக்கும் பொருளுக்கு அது மலிவான, நல்ல வழி. எட்டிப் போகாது, அவ்வளவுதான்.

அப்புறம் ட்ரோன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'இனிமேல் ஜிப் எதற்கு, ட்ரோன் இருக்கே' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஓட்டுக்கூரைக்கு மேலே போன பிறகு ட்ரோனை எந்தக் கிரேனாலும் அடித்துக்கொள்ள முடியாது. முழு ஊரும், வயல் வரப்பும், தேரோடும் வீதியும் அதன் ராஜ்யம். ஆனால் தரைக்கும் கூரைக்கும் நடுவில் அது தடுமாறும். இறக்கைக் காற்று கிணற்றுத் தண்ணீரைக் கலக்கிவிடும், கோலப்பொடியை ஊதிவிடும், நடிகையின் முந்தானையைப் பறக்கவிடும். சத்தத்தில் வசனத்தை எடுக்க முடியாது. முகத்துக்கு நாலடி தூரத்தில் அதை நிறுத்துவது ஆபத்து.

சட்டமும் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைத் தொழிலுக்காகப் பறக்கவிட்டால் தேவை. முன் அனுமதி கேட்க வேண்டாத பச்சை மண்டலத்திலேயே 400 அடிதான் உச்சம், விமான நிலையத்தைச் சுற்றி இன்னும் கெடுபிடி. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கும் தடை வந்தது. கல்யாண வீட்டில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒருநாள் யாராவது பார்ப்பார்கள்.

ஆறடிப் பயண ஜிப்

பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறக்கூடிய ரகம் இது. கெஸ்லர் நிறுவனத்தின் பாக்கெட் ஜிப் ட்ராவலர் இதில் பெயர் பெற்றது. மடித்தால் சுமார் 27 அங்குலம், விரித்தால் 72 அங்குலம். இதே அமைப்பில் மற்ற நிறுவனங்களின் ஜிப்களும் கிடைக்கின்றன. வீடியோ ட்ரைபாடில் மெல்லத் திரும்புகிற தலைப்பகுதியான ஃப்ளூயிட் ஹெட் மேலேயே திருகி மாட்டிக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் தயார்.

ஆனால் ஆறடி ஜிப் ஆறடி எட்டாது. அச்சுக்கு முன்னால் இருக்கும் நீளம்தான் எட்டும் தூரம், பின்னால் இருப்பது வெயிட் மாட்டுகிற பக்கம். ஆறடியில் முன்பக்கம் நாலரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிணற்றுக்கு அதைப் பொருத்திப் பார்த்தோம். ட்ரைபாட் கால்கள் விரிந்து நிற்பதற்கு ஒன்றரை அடி. கைப்பிடிச் சுவரின் கனம் முக்கால் அடி. கிணற்றின் விட்டம் ஏழடி, ஆக நடுப்பகுதிக்குப் போக இன்னும் மூன்றரை அடி. மொத்தம் ஐந்தே முக்கால் அடி. நாலரை அடிக் கை, சுவரைத் தாண்டி இரண்டேகால் அடி போய் நின்றுவிடும். கிணற்றின் ஓரத்தை எடுக்கலாம், நடுவுக்குப் போக முடியாது.

அதற்காக இதைக் குறைத்துச் சொல்லவில்லை. சமையல் வீடியோ, நகைக்கடை விளம்பரம், மேசைமேல் இருக்கும் பொருள், உட்கார்ந்து பேசுகிறவரின் முன்னால் ஒரு மெல்லிய ஏற்றம் என்று உள்ளே எடுக்கிற வேலைக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. தனி ஆளாக வேலை செய்கிறவர் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

எட்டிலிருந்து பன்னிரண்டு அடி

என் மனம் போனது இந்தப் பக்கம்தான், கடைசியில் எடுத்ததும் இதைத்தான். மூன்று நாலு துண்டாகக் கழற்றி, காரின் பின்சீட்டில் குறுக்காக வைத்துக்கொண்டு போகலாம். இந்தியத் தயாரிப்பான ப்ரோஎய்ம் இந்த அளவில் பல மாடல்கள் வைத்திருக்கிறது. அலுமினியத்திலும் கிடைக்கும், கார்பன் ஃபைபரிலும் கிடைக்கும். கார்பன் எடை குறைவு, விலை கூடுதல். காரில்தான் போகிறோம் என்றால் அலுமினியமே போதும்.

எட்டடி ஜிப்பில் முன்பக்கம் ஆறடி, பின்பக்கம் இரண்டடி. இப்போது எடைக் கணக்கைப் பாருங்கள், பலர் சறுக்குவது இங்கேதான். நாங்கள் கொண்டுபோனது சோனி எஃப்எக்ஸ்3, பேட்டரியோடு 715 கிராம். 24 மி.மீ. லென்ஸ் 445 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோகூட இல்லை. கிம்பல் சுமார் 1.3 கிலோ, பிளேட், கேபிள் என்று கொஞ்சம். முனையில் 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பின்பக்கத்தைப்போல மூன்று மடங்கு நீளம், ஆகவே இந்த 3 கிலோவுக்குப் பின்னால் 9 கிலோ மாட்ட வேண்டும். ஜிப்பின் கைக்கும் எடை உண்டு. அது 4 கிலோ என்றால் அதன் பாரமும் முன்பக்கம்தான் சாயும், அதைச் சமன்செய்ய இன்னும் 4 கிலோ. பின்னால் மொத்தம் 13 கிலோ. எல்லாவற்றையும் கூட்டினால் ட்ரைபாட் தாங்குவது 20 கிலோ.

முனையில் ஒரு கிலோ ஏறினால் பின்னால் மூன்று ஏறும், ட்ரைபாடில் நான்கு ஏறும். மானிட்டர், லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் மேட் பாக்ஸ், கனமான ஜூம் லென்ஸ் எதையாவது கேமராவில் மாட்டும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கை தானாகப் பின்வாங்கும்.

அன்றைக்கு நாங்கள் ஜிப்பைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரப் பெரியவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'இது நம்ம ஏத்தம்தானே தம்பி?' என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏற்ற மரத்தின் மேலே ஆள் முன்னும் பின்னும் நடந்து எடையை மாற்றுவார், இங்கே இரும்புத் தட்டை மாற்றுகிறோம். யாழ்ப்பாணத்துத் துலாவும் இதே சங்கதிதான். ஜிப்பில் கூடுதலாக இருப்பது ஒன்றுதான்: மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் இணையாக ஓடுவதால் கை ஏறினாலும் இறங்கினாலும் முனையிலிருக்கும் கேமராவின் சாய்வு மாறாது. சில ஜிப்களில் கீழ்க் கம்பியின் இடத்தை மாற்றி, ஏறும்போது கேமரா தானே கீழே குனிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஷாட்டில் கேமரா கீழே பார்த்தபடி தொடங்கி நேராக நிமிர வேண்டும், அதற்கு முனையில் கிம்பல் இல்லாமல் வேலை நடக்காது.

ஜிம்மி ஜிப்பை வாடகைக்கு எடுத்தால்

ஜெராக்ஸ் மாதிரி ஆகிவிட்ட பெயர் இது. அமெரிக்காவின் ஸ்டான்டன் நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட தயாரிப்புதான் ஜிம்மி ஜிப், ஆனால் நம் ஊரில் நீளமாக எது ஆடினாலும் ஜிம்மி ஜிப்தான். கட்சிப் பொதுக்கூட்டத்தில் கூட்டத்தின் தலைக்கு மேலே போய்வருகிற அந்த நீண்ட கையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபம், கும்பாபிஷேக நேரலை, டிவி நடன நிகழ்ச்சி எல்லாவற்றிலும் உண்டு. முனையில் ரிமோட் ஹெட், பின்னால் மானிட்டர், ஆபரேட்டர் கீழே நின்றபடி இரண்டு கையாலும் இயக்குவார்.

கேமராமேன் கிரேனில் ஏறி உட்கார்ந்து போவதுதான் பழைய வழக்கம். ஆளைக் கீழே இறக்கிவிட்டுக் கேமராவை மட்டும் தூரத்திலிருந்து இயக்குகிற வழியை 1970களில் பிரான்சில் வந்த லூமா கிரேன் பிரபலமாக்கியது. அதை உருவாக்கியவர்களுக்கு 2005ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. நம் கொல்லைக்கு வருகிற எட்டடி ஜிப்பும் அந்த வழியில் வந்ததுதான்.

ஜிம்மி ஜிப் எடுத்தால் கூடவே ஆபரேட்டரும் உதவியாளரும் வருவார்கள், இது பெரிய நிம்மதி. அவர்கள் கை வேறு. நாம் ஒரு மாதம் பழகினாலும் அந்த மென்மை வராது. ஆனால் வாடகையை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். பேட்டா தனியா, வண்டி வாடகை தனியா, கால்ஷீட் எத்தனை மணி நேரம், ரிமோட் ஹெட் எத்தனை கிலோ தாங்கும், வெயிட் அவர்களே கொண்டுவருவார்களா, சாப்பாடு யார் பொறுப்பு, எல்லாவற்றையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஒருமுறை நாங்கள் பேசாமல் விட்டு, வாடகைக்குச் சமமாகக் குட்டியானை வண்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கிணற்றுக்கு இது சரிப்பட்டிருக்குமா? கொல்லைக் கதவின் அகலம் இரண்டரை அடி. பின்பக்கம் வெயிட் சுற்றிவர இடம் வேண்டும், அங்கே ஒரு முருங்கை மரமும் மாட்டுக் கொட்டகையும் இருந்தன. உள்ளே கொண்டுபோய்ப் பூட்டவே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில் ஏறிவிடும். ஆக, வேண்டாம். அதே படத்தில் ஊர்த் திருவிழாக் காட்சி இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜிம்மி ஜிப் சொல்லியிருப்பேன்.

லேத் பட்டறைக் கிரேன்

சொந்தமாகச் செய்துகொள்ளலாமே என்று ஒரு ஆசை வரும். எனக்கும் வந்தது, வருடங்களுக்கு முன்னால். சதுரக் குழாய், நாலு பேரிங், போல்ட், பின்னால் ஜிம் தட்டு. பட்டறைக்காரர் நன்றாகத்தான் செய்துகொடுத்தார். இரும்பு என்பதால் கை மட்டுமே பதினோரு கிலோ. இரண்டு கம்பியும் ஒரு நூல் அளவு இணை தப்பியிருந்ததால் ஏறும்போது அடிவானம் சாயும். பேரிங்கில் துளி ஆட்டம் இருந்தாலும் ஷாட்டின் நடுவில் 'டக்' என்று ஒரு குதி.

அந்தக் கிரேனில்தான் என் வாழ்க்கையின் முக்கியமான பாடமும் நடந்தது. பேக்-அப் சொன்னதும் உதவிக்கு வந்த தம்பி ஆர்வத்தில் முனையிலிருந்த கேமராவை முதலில் கழற்றிவிட்டான். பின்னால் 18 கிலோ அப்படியே இருந்தது. அது தடாலென்று தரையில் இறங்க, முன்கை விசையோடு எழும்பி மேலே இருந்த ட்யூப் லைட்டை உடைத்தது. ஒரு நிமிடம் முன்னால் அந்த இடத்தில் அவன் தாடை இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஜிப்பின் முனையில் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: மாட்டும்போது கேமரா முதலில், கழற்றும்போது வெயிட் முதலில்.

பழகிப் பார்க்க, எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளப் பட்டறைக் கிரேன் நல்லது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு வேண்டாம்.

ட்ரைபாடும் வெயிட்டும்

எட்டடி ஜிப் வாங்க முடிவெடுத்தவர்கள் பட்ஜெட்டை ஜிப்பிலேயே கரைத்துவிடுகிறார்கள். பிறகு போட்டோ ட்ரைபாடில் அதை வைக்கிறார்கள். 5 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் ட்ரைபாடில் 20 கிலோ. கால் வழுக்கும், இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும். ஜிப்பைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும்போது படம் ரப்பர் மாதிரி ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வருகிறதா? அது ஜிப்பின் குற்றம் இல்லை, ட்ரைபாட் முறுக்கிக்கொள்வது. தலைப்பகுதி உட்காரும் கிண்ணம் (பவுல்) 100 மி.மீ. உள்ள கனமான வீடியோ ட்ரைபாட், அல்லது ஜிப்புக்கென்றே விற்கும் ஸ்டாண்டு. கையில் இருக்கும் பணத்தில் நல்ல ஸ்டாண்டும் சுமாரான ஜிப்பும் வாங்கலாம், தலைகீழாக வாங்கக் கூடாது.

வெயிட்டை ஊரிலிருந்து சுமந்துகொண்டு போக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஜிம் தட்டுகள் நல்லவைதான், ஜிப்பின் பின்கம்பி அந்த ஓட்டையில் நுழைகிறதா என்று மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு 5 கிலோ தட்டு மட்டும் கொண்டுபோனோம். மீதிக்குத் தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, அரை லிட்டர் என்றால் அரை கிலோ, இதைவிடத் துல்லியமான படிக்கல் எங்கே கிடைக்கும்? கவனிக்க வேண்டியது ஒன்று: எதைக் கட்டினாலும் ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். தொங்கவிட்ட மணல் பை ஊஞ்சலாடும், அந்த ஆட்டம் அப்படியே முனைக்குப் போகும். பாதி நிறைந்த பாட்டிலுக்குள் தண்ணீர் அலம்புவதும் அதே கதைதான், அதனால் அரை லிட்டர் வேண்டுமென்றால் அரை லிட்டர் பாட்டிலையே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சமன் ஆகிவிட்டதா என்று பார்க்கக் கையை விடுங்கள். ஏறிய நிலை, கிடை நிலை, இறங்கிய நிலை மூன்றிலும் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். நான் முனையை ஒரு சொட்டு கனமாக வைத்துக்கொள்வேன். தூக்கிவிடும்போது கைக்கு ஒரு பிடிமானம் இருக்கும்.

எடுக்கும்போது

கிணற்று ஷாட்டுக்குத் திரும்பலாம். எட்டடி ஜிப், அச்சின் உயரம் நாலரை அடி. கேமரா தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கும், ஐந்தடியில் முடியும். தொடக்கத்தில் கை முப்பது டிகிரி கீழே சாய்ந்திருப்பதால் முன்னால் எட்டுவது சுமார் 5.2 அடி. கிடைக்கு வரும்போது முழு ஆறடி. அதாவது கேமரா ஏறுகிறபோதே அந்தப் பெண்ணை நோக்கிப் பத்து அங்குலம் நெருங்குகிறது. ஜிப் நேர்க்கோட்டில் ஏறாது, வில்போல வளைந்து ஏறும். முதல்முறை பயன்படுத்துகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஃபோக்கஸ் போய்விட்டது என்று லென்ஸைத் திட்டுவார்கள்.

ஷாட் நடுவில் ஃபோக்கஸை மாற்றவென்றே ஓர் ஆள் (ஃபோக்கஸ் புல்லர்) இல்லாத நமக்கு அகலமான லென்ஸும் மூடிய அப்பெர்ச்சரும்தான் துணை. முழு ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ., எஃப் 5.6, இரண்டு மீட்டரில் ஃபோக்கஸைப் பூட்டிவிட்டால் ஏறத்தாழ 1.3 மீட்டரிலிருந்து 4.7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். எங்கள் கிணற்றில் தண்ணீர் கேமராவிலிருந்து நாலு மீட்டருக்குச் சற்று மேல், முடிவில் முகம் 1.4 மீட்டர். இரண்டும் உள்ளே வந்துவிட்டன. பின்னணி உருகி வழியும் அழகு வேண்டுமென்று எஃப் 1.4ல் எடுத்தால் வயர்லெஸ் ஃபோக்கஸும் அதற்கொரு ஆளும் வேண்டும்.

கிம்பலை லாக் மோடில், அதாவது கேமரா ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கும் நிலையில் வையுங்கள். ஃபாலோவில் இருந்தால் ஜிப் கொஞ்சம் திரும்பினாலும் கிம்பல் 'நானும் வருகிறேன்' என்று தாமதமாகத் திரும்பும், ஷாட்டின் கடைசி வினாடியில் ஃப்ரேம் நழுவும். நிமிர்வதை ரிமோட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள, ஏற்றத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே ஆளால் முடியும் என்று எனக்கு நானே சவால் விட்டு, நாலு டேக்கை வீணாக்கினேன்.

முதலில் கடைசி ஃப்ரேமை வைத்துக்கொள்ளுங்கள். முகம் சரியாக வந்து நிற்கிற நிலையில் ஜிப்பை நிறுத்தி, பின்முனைக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலோ செங்கலோ அடுக்கிவிடுங்கள், அல்லது பின்முனையிலிருந்து ஒரு நூலில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு அது தரையைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண் மானிட்டரில் இருக்கலாம், கைக்கு முடிவு தெரியும். கையால் தள்ளாமல் உடம்போடு சேர்ந்து இறங்குங்கள், முழங்காலை மடக்கி. தொடங்குவதிலும் நிறுத்துவதிலும்தான் நேரம் செலவாக வேண்டும், நடுவில் வேகம் தானாக வரும்.

இன்னொன்று. சும்மா வானத்தைப் பார்த்து ஏறினால் ஜிப் ஏறியதே தெரியாது. முன்னால் ஏதாவது ஒன்று கீழே நழுவிப் போனால்தான் ஏற்றம் கண்ணுக்குப் புலப்படும். எங்களுக்குச் சுவரின் விளிம்பும் சகடையும் இருந்தன. ஒன்றும் இல்லாத இடத்தில் கொடியில் ஒரு துண்டைக் காயப் போடுங்கள், போதும்.

ஜிப்பைப் பூட்டும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். கிராமத்துத் தெருவில் மின்கம்பி எவ்வளவு தாழ்வாகப் போகும் என்பது தெரியும்தானே? அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்தும், கார்பன் ஃபைபரும் கடத்தும். கை முழுதாக நிமிர்ந்தாலும் கம்பியின் பக்கம்கூடப் போக முடியாத இடமாகப் பார்த்து ஸ்டாண்டை வையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பன்னிரண்டடி ஜிப்பை அந்தக் காற்றில் கடற்கரையில் வைத்தால் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றிரவே பேரிங்கை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், உப்பு காத்திருக்காது. மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடங்களுக்கு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போகும் முன் அனுமதியை வாங்கிவிடுங்கள்.

யார் எதை எடுக்கலாம்

தனி ஆள், பெரும்பாலும் உள்ளே எடுக்கிறவர்: ஆறடிப் பயண ஜிப். கல்யாண வீடியோ செய்கிறவர் என்றால் எனக்கு வேறு கருத்து. மண்டபத்துக்கு ஜிம்மி ஜிப்பை ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுங்கள், வாடகையை வாடிக்கையாளரின் பில்லில் சேருங்கள். சொந்தமாக வாங்கினால் அதைத் தூக்க இரண்டு ஆளுக்குச் சம்பளம், வைக்க இடம், இரண்டு மண்டபத்தில் ஒரே முகூர்த்தம் வந்தால் தலைவலி.

குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கிற இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு எட்டடி. பன்னிரண்டடி வரை நீட்டிக்கக்கூடிய மாடல் கிடைத்தால் நல்லது, ஆனால் பெரும்பாலும் எட்டிலேயே நிற்பீர்கள். வாங்கும் முன் ஒரு கணக்கு: கடந்த ஒரு வருடத்தில் எடுத்த வேலைகளை எடுத்துவைத்து, எத்தனை நாள் ஜிப் உண்மையிலேயே தேவைப்பட்டது என்று எண்ணுங்கள். ஆறு நாளுக்குக் கீழே என்றால் வாடகையே லாபம். அதற்கு மேல் என்றால் ஸ்டாண்டையும் சேர்த்து விலை போட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே பூட்டித்தரச் சொல்லுங்கள். முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் அச்சில் ஆட்டமோ 'டக்' சத்தமோ வரக் கூடாது. கை கிடையாக இருக்கும்போது கேமராவின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, முழுதாக ஏற்றி இறக்கி மறுபடி பாருங்கள், குமிழ் நகர்ந்திருக்கக் கூடாது. கடைசியாக, முழு நீளத்தில் வைத்துக் கையை ஒரு வீச்சில் திருப்பிச் சட்டென்று நிறுத்தி, மானிட்டரில் படம் அடங்க எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்குள் அடங்கினால் பணத்தை எடுக்கலாம். நாங்கள் வாங்க நினைத்த முதல் மாடலில் ஐந்து வரை எண்ணினோம், கடைக்காரர் 'பழகினா சரியாயிடும் சார்' என்றார், நாங்கள் அடுத்த கடைக்குப் போனோம்.